சுவரும் சந்தும்: சில எண்ணங்கள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பழமொழி சொல்கிறது. இலக்கிய வாசகர்களாகிய நாம் சித்திரத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். எழுதிய கை, தீட்டிய வண்ணம், தீட்டாமல் விட்ட இடம் என்று அதன் ஒவ்வோர் அங்குலத்தையும் அலசியிருக்கிறோம். சுவரைப் பற்றிப் பேசியவர் குறைவு. நிற்கும் வரை அது நம் கண்ணில் படுவதில்லை, விழும்போதுதான் செய்தியாகிறது. இந்தக் கட்டுரை சுவரைப் பற்றியது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருக்கும், அரை அங்குலத்துக்கும் குறைவான இடத்தைப் பற்றியது.

அந்த இடத்தைச் சந்து என்போம். சந்து, சந்தி என்னும் சொல்லுக்கு உறவு. இரண்டு தெருக்கள் கூடும் இடம் சந்தி. இரண்டு சொற்கள் கூடும்போது நிகழ்வதும் சந்தி. பழந்தமிழில் சந்து என்பதற்குச் சமாதானம் என்ற பொருளும் உண்டு. பகைத்து நிற்கும் இருவரைச் சேர்த்துவைப்பதைச் சந்து செய்தல் என்றார்கள். சுவரில் இருக்கும் சந்தின் வேலையும் ஏறத்தாழ அதுதான். கோணலும் மாணலுமாக வெந்த, அளவில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத செங்கற்களை ஒன்றோடொன்று சமாதானமாக இருக்கச் செய்வது. இன்றைய ஆங்கிலேயச் செங்கல்லின் முகம் 215 மில்லிமீட்டர் நீளமும் 65 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. சந்தின் அகலம் 10 மில்லிமீட்டர். நீளவாட்டில் அடுக்கிய சுவரில் கணக்குப் போட்டுப் பார்த்தால், நாம் செங்கற்சுவர் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் ஆறில் ஒரு பங்கு செங்கல்லே அல்ல. அது சாந்து.

இந்த ஆறில் ஒரு பங்கு காலப்போக்கில் தேயும். மழையும் காற்றும் பனியும் அதைச் சுரண்டி எடுக்கும். அப்போது தளர்ந்த பழைய சாந்தைக் கெல்லி எடுத்துவிட்டுப் புதிய சாந்தை வைத்து அடைக்கிறார்கள். நம்மூர்க் கொத்தனார்கள் இதைப் பாயிண்டிங் என்பார்கள். பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான வேலை. ஆனால் எந்தச் சாந்தை வைப்பது என்ற கேள்வியில், பழையதோடு நாம் எப்படி உறவு வைத்துக்கொள்கிறோம் என்ற பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று 1919க்கு முன் கட்டப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் செங்கல் வரிசை வீடுகள். ஈஸ்ட் ஹாமிலும் வால்தம்ஸ்டோவிலும் தெருத்தெருவாக நிற்கும் இவ்வீடுகளில் இன்று வசிப்பவர்களுள் கணிசமானோர் தமிழர்கள். விக்டோரியா காலத்துக் கொத்தனார் ஒருவர் சுண்ணாம்பும் மணலும் குழைத்து எழுப்பிய சுவரை, யாழ்ப்பாணத்திலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வந்த ஒருவர் பராமரிக்க வேண்டியிருக்கிறது. சரித்திரம் சில பொறுப்புகளை இப்படி விசித்திரமாகத்தான் கைமாற்றுகிறது.

அவ்வீடுகளின் சுவர் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அது பெரும்பாலும் ஒன்பது அங்குலக் கனச்சுவர். இன்றைய வீடுகளில் இருப்பதுபோல நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் அல்ல. மழை பெய்தால் செங்கல் நனையும், சாந்தும் நனையும். வெயிலும் காற்றும் வந்தால் இரண்டும் காயும். நீரை உள்ளே வரவிடாமல் தடுப்பது அச்சுவரின் உத்தி அன்று. வந்த நீரைச் சீக்கிரம் வெளியே அனுப்புவதே உத்தி. சுண்ணாம்புச் சாந்து நுண்துளைகள் நிறைந்தது. செங்கல்லைவிட மென்மையானது. ஆகவே சுவருக்குள் புகுந்த ஈரம் பெரும்பாலும் சந்து வழியாகவே வெளியேறுகிறது. ஈரத்தோடு வரும் உப்பும் அங்கேதான் படிகிறது. பனி உறைந்து விரிவதும் அங்கேதான். சிதைவு முழுவதையும் சாந்து தன்மேல் வாங்கிக்கொள்கிறது. நூறாண்டு கழித்துச் சந்து கரைந்து பள்ளமாகியிருக்கும். செங்கல் முழுதாக இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது பழுது. உண்மையில் அது கடமை முடிந்ததன் அடையாளம்.

இப்போது அந்தப் பள்ளத்தில் சிமெண்ட் கலவையை வைத்து அடைத்தால் என்ன ஆகும்? சிமெண்ட் சாந்து பழைய செங்கல்லைவிடக் கடினமானது, இறுக்கமானது. நீர் அதன் வழியே எளிதில் போகாது. முதலிரண்டு ஆண்டுகள் சுவர் மிக அழகாக இருக்கும். கோடு கிழித்தாற்போலச் சந்துகள் தெரியும். ஆனால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழி, இப்போது செங்கல் மட்டுமே. கார்காலம் முடிந்து பனிக்காலம் வரும்போது செங்கல்லின் முகத்தருகே தேங்கிய நீர் உறைகிறது. நீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரியும். செங்கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயரத் தொடங்குகிறது. சூளையில் வெந்தபோது உண்டான கடினமான மேல்தோல் ஒருமுறை போய்விட்டால் உள்ளே இருப்பது மிருதுவான சதை; பிறகு சிதைவு விரைவாகிறது. வெப்பத்தில் சுவர் விரியும்போதும் இதே கதைதான். சுண்ணாம்பு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது, செங்கல்லின் விளிம்பு நொறுங்கும்.

சில பத்தாண்டுகளுக்கு முன் சிமெண்ட் வைத்துச் சந்தடைத்த சுவர்களை அத்தெருக்களில் இன்றும் பார்க்கலாம். செங்கற்கள் உள்வாங்கித் தேய்ந்திருக்கும். சிமெண்ட் கோடுகள் மட்டும் தேனடையின் அறைச்சுவர்போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பழுதுபார்த்தது நன்றாக இருக்கிறது, பழுதுபார்க்கப்பட்டது போய்விட்டது. இதைவிடத் துல்லியமான ஓர் அங்கதத்தை எழுத்தில் நான் அதிகம் படித்ததில்லை.

ஆகவே இத்துறையின் அடிப்படை விதி ஒரே வரியில் அடங்கும். புதிதாக வைக்கும் சாந்து, அது தொட்டுக்கொண்டிருக்கும் செங்கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1998இல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பும் இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தின் தொல்மரபு அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. கருத்து வேற்றுமை அதிகம் இல்லாத விஷயம். ஆயினும் சிமெண்ட் பூச்சு நடந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

வலிமை நல்லது என்ற நம்பிக்கைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தெருவில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் இருக்கிறார். தன் வீட்டு முன்சுவருக்கு இரண்டு இடங்களில் விலை கேட்டிருந்தார். சிமெண்ட் பூச்சுக்குச் சொன்ன விலை சுண்ணாம்புக்குச் சொன்னதில் பாதி. ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, சீமெந்து வைச்சுப் பூசிப்போட்டால் எங்கட காலத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை எண்டு வேலைக்காரன் சொல்றான். சுண்ணாம்பு கரைஞ்சுபோமாம். நீர் என்ன சொல்லுறீர்?"

"கரையத்தான் செய்யும் அண்ணா. கரையறதுக்குத்தான் அதை வைக்கிறாங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "கரையிறதுக்கு ரெட்டிப்புக் காசோ?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வார்த்தையில் விடை கிடையாது. அவ்விடைக்காகவே இக்கட்டுரையின் மீதிப் பகுதியை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. சிமெண்டை வில்லனாக்கி ஒரு புராணம் எழுதுவது என் நோக்கமல்ல. அலைகடலின் நடுவே, நீருக்குள்ளும் இறுகக்கூடிய சாந்து எது என்று ஜான் ஸ்மீட்டன் தேடியது, எடிஸ்டோன் பாறையில் கலங்கரை விளக்கம் எழுப்புவதற்காக. அது 1759இல் முடிந்தது. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லே நீரிலும் இறுகும் என்பதை அவர் கண்டறிந்தார். அதே வழியில் தேடிக்கொண்டே போன பலருள் ஒருவர்தான் லீட்ஸ் நகரத்துக் கொத்தனாரான ஜோசப் ஆஸ்ப்டின். 1824இல் அவர் தம் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். காய்ந்தபின் அது போர்ட்லண்ட் தீவின் கட்டடக் கல்லைப் போலிருக்கும் என்பதால் போர்ட்லண்ட் சிமெண்ட் என்று பெயரிட்டார். துறைமுகமும் அணையும் பாலமும் அதன் கொடை. அதற்குரிய இடத்தில் அது மகத்தான பொருள். ஈரத்தை உண்டு உமிழும்படி வடிவமைக்கப்பட்ட ஒரு பழைய சுவரின் சந்து, அதற்குரிய இடம் அன்று. அவ்வளவுதான்.

சுண்ணாம்பின் குணம் வேறு. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். சுட்ட கல்லில் நீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சுவரில் வைத்தால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகும். கல் நீறாகி, நீறு மீண்டும் கல்லாவது. இதில் அவசரத்துக்கு இடமில்லை. வாரங்களும் மாதங்களும் ஆகும். மயிரிழை விரிசல் விட்டால், சாந்தில் எஞ்சியிருக்கும் சுண்ணாம்பு மழைநீரில் சிறிது கரைந்து, விரிசலில் படிந்து அதைத் தானே மூடிக்கொள்ளவும் செய்யும். கரைவது அதன் பலவீனம் என்கிறோம். அக்கரைதலே அதன் மருந்து.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் பாதிக் கேடு சாந்து வைப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. முதலில், தளர்ந்த சந்துகளை மட்டும் தொட வேண்டும். உறுதியாக இருக்கும் பழைய சாந்தை, பார்வைக்கு ஒரே சீராக இருக்கட்டும் என்பதற்காகப் பெயர்ப்பது வீண் செலவு, அழிவும்கூட. தளர்ந்த சாந்தை ஒடுங்கிய உளியும் சுத்தியலும் கொண்டு, சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்காவது கெல்லி எடுக்க வேண்டும். சுழலும் வட்டத் தகடுள்ள மின்னெந்திரத்தை வைத்தால் வேலை வேகமாக முடியும். ஆனால் குத்துச் சந்துகளில் அத்தகடு மேலும் கீழும் உள்ள செங்கல்லையும் சேர்த்து அறுத்துவிடும். அந்த வெட்டுக் காயத்துக்கு மருந்து கிடையாது. பிறகு தூசியைத் துலக்கி, சுவரை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் புதுச் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் அது இறுகாமல் மாவாகவே உதிரும். சாந்து குழைவாக இருக்கக் கூடாது. உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். சந்துக்குள் நுழையும் அகலமே உள்ள மெல்லிய கரணையால் உள்ளிருந்து வெளியாக அழுத்தி அடைக்க வேண்டும். செங்கல்லின் முகத்தில் வழியவிடக் கூடாது. அரைகுறையாக இறுகியபின் விறைத்த தூரிகையால் தட்டித் தட்டி அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். அப்போதுதான் அது ஈரம் போக்கும். அதன்பின் நனைந்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாட்கள் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் காக்க வேண்டும். வெப்பநிலை ஐந்து பாகைக்குக் கீழே இறங்கும் பருவத்தில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது.

கடைகளில் மூட்டையில் விற்கும் நீரில் இறுகும் சுண்ணாம்பின் மேல் 2, 3.5, 5 என்று எண்கள் போட்டிருக்கும். அது 28 நாட்களில் எட்ட வேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலிமையைக் குறிப்பது. எண் கூடினால் தரம் கூடுகிறது என்று எண்ணி ஐந்தை வாங்கிவருபவர் பலர். பள்ளிக்கூட மதிப்பெண் போட்ட பழக்கம்! மென்மையான பழைய செங்கல்லுக்குச் சிறிய எண்தான் உகந்தது.

இதில் இலக்கியத்துக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு, அதுவும் நேரடியாக. பழைய கட்டடங்களை இப்படித்தான் அணுக வேண்டும் என்ற சிந்தனைக்கு இயக்க வடிவம் கொடுத்தவர் ஒரு கவிஞர். வில்லியம் மோரிஸ் 1834இல் பிறந்தது வால்தம்ஸ்டோவில். இன்று நம்மவர்கள் காய்கறி வாங்கப் போகும் அதே ஊர். அவருக்காக நண்பர் பிலிப் வெப் வடிவமைத்து 1860இல் நிறைவான சிவப்பு இல்லம், பூச்சில்லாத வெறும் செங்கல்லின் அழகை முன்னிறுத்திய வீடு. 1877 மார்ச்சில், டூக்ஸ்பரி மடாலயத்தைக் கில்பர்ட் ஸ்காட் புதுப்பிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்ட மோரிஸ், அத்தெனியம் இதழுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அதே மாதம் தொன்மைக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. ஸ்காட் போன்றவர்கள், ஒரு கட்டடம் முதலில் எப்படி இருந்திருக்கும் என்று தாங்களே கற்பனை செய்து, இடைக்காலத்துச் சேர்க்கைகளைச் சுரண்டி எறிந்துவிட்டு, அக்கற்பனையை எழுப்பினார்கள். மோரிஸ் கேட்டது வேறு. சிறு பழுதை அவ்வப்போது பார், சிதைவைத் தள்ளிப்போடு, நீ செய்த பழுதுபார்ப்பு இன்னதென்று தெரியட்டும், பழையதுபோல வேஷம் போடாதே என்பது அவர் கொள்கையின் சாரம். ஜான் ரஸ்கின் 1849இலேயே கட்டடக்கலையின் ஏழு விளக்குகள் பற்றிய நூலில், புதுப்பித்தல் என்ற பெயரில் நடப்பது பொய் என்று சாடியிருந்தார்.

அதே காலகட்டத்தில் இங்கே கும்பகோணத்தில் இன்னொருவர் இன்னொரு விதமான இடிபாட்டின் முன் உட்கார்ந்திருந்தார். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார், புறநானூற்றை 1894இல். கரையான் அரித்த ஏடுகளில் எழுத்துகள் போன இடங்களில், அவர் நினைத்திருந்தால் யாப்புக்குப் பொருந்தத் தாமே சொற்களை இட்டு நிரப்பியிருக்கலாம். அவருடைய புலமைக்கு அது பெரிய காரியமே அல்ல. ஆனால் அவர் புள்ளிகளை வைத்தார். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. எண்கள் மட்டும் காலியாக நிற்கின்றன. அந்தப் புள்ளிகளையும் காலி எண்களையும் நான் சுண்ணாம்புச் சாந்து என்றே கருதுகிறேன். பாட்டைத் தாங்கிப் பிடிக்கின்றன. பாட்டாகப் பாவனை செய்வதில்லை. நாளை ஒரு நல்ல ஏடு கிடைத்தால் எளிதில் விலகி இடம்கொடுக்கும். தன் கவித்துவத்தால் இடைவெளியை நிரப்பிய ஏட்டாசிரியர்களும் நம் மரபில் உண்டு. அவர்கள் வைத்தது சிமெண்ட். இன்று எது மூலம், எது செருகல் என்று பிரிக்கப் போனால் மூலமும் சேர்ந்து பெயர்கிறது.

நம் ஊர்ச் சுவர்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி எழும். தமிழகத்தில் பனி உறைந்து செங்கல் வெடிப்பதில்லை. பெரும்பாலான சுவர்கள் பூசப்பட்டவை. சந்து வெளியே தெரிவதும் குறைவு. ஆனால் அடிப்படை ஒன்றுதான். தஞ்சைப் பகுதி வீடுகளும் செட்டிநாட்டு வீடுகளும் எழும்பியது சுண்ணாம்புக் காரையில். கல்லோ கிளிஞ்சலோ சுட்டு, நீற்றி, மணலோடும் சில இடங்களில் செங்கல் தூளோடும் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்த சாந்து அது. காரை வீடு என்பதே ஒரு காலத்தில் வசதியின் பெயர். இந்தச் சுவர்களுக்கு எமன் பனியல்ல, உப்பு. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் உப்பைச் சுமந்து வருகிறது. காரை வழியாக ஈரம் வெளியேறும்போது உப்பு காரையில் பூக்கிறது, காரை உதிர்கிறது, மறுபடி பூசிக்கொள்ளலாம். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் மேலும் மேலே ஏறுகிறது. உப்பு சிமெண்டுக்குப் பின்னால் செங்கல்லில் படிகமாகிறது. ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகச் செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழுகிறது. "சிமெண்ட் போட்டும் சுவர் உவர் பூத்துப் போச்சு" என்று அலுத்துக்கொள்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். சிமெண்ட் போட்டும் அல்ல, போட்டதால்.

இந்த இடத்தில் நம் புனைகதைகளின் மேல் எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. ஒரு குடும்பம் நொடித்துவிட்டது என்று காட்ட வேண்டுமானால் நம் எழுத்தாளர்கள் காரை பெயர்ந்த சுவரைக் காட்டுவார்கள். எத்தனை கதைகளில் படித்திருக்கிறோம்! அது வீழ்ச்சியின் தேய்ந்துபோன குறியீடாகிவிட்டது. ஆனால் காரை பெயர்வது வீழ்ச்சியல்ல; அது சுவர் தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதன் சாட்சி. வீழ்ச்சி எங்கே இருக்கிறது என்றால், பெயர்ந்ததை மறுபடி பூச அந்த வீட்டில் ஆளில்லை என்பதில், பூசத் தெரிந்த கை அந்த ஊரில் இல்லை என்பதில். அதை எழுதினால் புதிதாக இருக்கும்.

கை இல்லாமல் போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சிகளுள் ஒன்று 1904இல் சென்னையில்தான் நடந்தது. அதற்கு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது கடற்சிப்பி. எந்தக் கிளிஞ்சலைச் சுட்டு நம்மவர்கள் காரை செய்தார்களோ அதே பொருள்! அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நிலைத்தது. அதற்குப் பிந்திய தலைமுறைகளில், சுண்ணாம்பு அரைக்கும் வட்டக் கல்லையும் அதைச் சுற்றிய மாட்டையும் ஊர்கள் மறந்தன. முழுவதும் அற்றுவிடவில்லை என்பது ஆறுதல். சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 சனவரியில் தீயில் எரிந்தது. அதைத் தமிழகப் பொதுப்பணித்துறை சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டெடுத்தது. அரசு நினைத்தால் ஆள் கிடைக்கிறார்கள். திருவையாற்றில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் பாட்டன் கட்டிய வீட்டுக்கு நினைத்தால் கிடைப்பதில்லை. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

மறுதரப்பின் வாதங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு வேலைக்குக் கூலி அதிகம், நாளும் அதிகம். சாரம் கட்டிய ஒவ்வொரு நாளும் செலவு. மாதச் சம்பளத்தில் கடன் கட்டுபவரிடம் மரபு, மோரிஸ் என்றெல்லாம் பேசுவது எளிது. இரண்டாவதாக, சுண்ணாம்பையே ஒரு மதமாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கடினச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு அண்மையில் கட்டிய வீட்டில் சுண்ணாம்பு வைக்கச் சொல்வது அறியாமை. பழையதெல்லாம் பொன் என்பதும் புதியதெல்லாம் வலிமை என்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். எதிரே இருக்கும் சுவர் எதனால் ஆனது என்று பார்க்காமலே இருவரும் முடிவெடுக்கிறார்கள்.

செலவு வாதத்துக்கு என் விடை இது. அந்தப் பெரியவர் கேட்ட இரண்டு விலையும் முன்சுவர் முழுவதற்குமானது. சுவர் முழுவதற்கும் அவசியமே இல்லை. மழைநீர்க் குழாய் ஒழுகிய இடத்திலும், சன்னலுக்குக் கீழேயும், தரையை ஒட்டிய சில வரிசைகளிலும்தான் சந்து கரைந்திருந்தது. முதலில் அந்தக் குழாயைச் சரிசெய்தால் பாதி நோய் தீரும். மீதியைச் சுண்ணாம்பில் வைத்தால், சிமெண்டுக்குச் சொன்ன விலைக்குள்ளேயே வேலை முடியும். முழுச்சுவருக்கும் ஒரேயடியாக என்ற ஆசைதான் சிமெண்டை மலிவாகக் காட்டுகிறது. வேலைக்காரனுக்கும் அதில் ஆதாயம். நமக்கும், இனி இதைப் பற்றி நினைக்க வேண்டாம் என்ற நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் நாம் விலைகொடுத்து வாங்குகிறோம். அதன் முழு விலையை, முகமிழந்த செங்கற்களாக, நமக்குப் பின்னால் அவ்வீட்டில் குடியிருப்பவர்கள் செலுத்துகிறார்கள்.

திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்பது ஒரு வாக்குறுதியாக நமக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று யோசிக்கிறேன். எதையும் ஒருமுறை செய்து முடித்துவிட வேண்டும், என்றென்றைக்குமாக. மொழியைத் தூய்மைப்படுத்திவிட வேண்டும், மரபை நிறுவிவிட வேண்டும், சுவரை அடைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைக்கு நம்மிடம் மதிப்பில்லை. கோலம் போடுகிறவளுக்கும் குளம் தூர்வாருகிறவனுக்கும் இருந்த மதிப்பு, கட்டிமுடித்தவன் பெயர் பொறித்த கல்வெட்டுக்கு முன்னால் தோற்றுவிடுகிறது. ஆனால் நூறாண்டு, இருநூறாண்டு நிற்பவையெல்லாம் யாரோ திரும்பத் திரும்பத் தொட்டதால் நிற்பவைதாம். பழைய சுவரின் ஆயுள் செங்கல்லில் மட்டும் இல்லை. தான் கரைந்து செங்கல்லைக் காக்கும் சாந்திலும், கரைந்ததைப் பார்த்து மறுபடி வைக்கும் கையிலும் அது இருக்கிறது.

உங்கள் வீடோ உங்கள் பெற்றோர் வீடோ பழையதாக இருந்தால், வேலைக்கு ஆள் வைக்குமுன் ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு சுவரருகே போங்கள். சந்தைச் சாவியால் மெல்லக் கீறிப் பாருங்கள். வெளிறிய நிறத்தில், வெள்ளைச் சுண்ணாம்புப் பொடிகள் தெரிய, மாவாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் சாவியை வழுக்கிவிட்டால் யாரோ முன்பே சிமெண்ட் வைத்திருக்கிறார்கள். அது செங்கல்லை இறுகப் பற்றியிருந்தால், பெயர்க்கப் போய்ச் செங்கல்லையும் உடைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். வருகிற கொத்தனாரிடம் எத்தனை நாளில் முடியும் என்று கேட்பதற்கு முன், என்ன சாந்து வைப்பீர்கள், எதைக் கொண்டு கெல்லுவீர்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சுவரின் ஒரு மூலையில், ஒரு சதுர மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லிச் சில வாரம் பொறுத்துப் பாருங்கள். சுண்ணாம்பு இறுக நேரமெடுக்கும். அந்த நேரத்தை அதற்குக் கொடுங்கள்.